கடலுக்குப் பிசிறு வெட்டினேன்

1

அனுப்பர்பாளையத்திலும் குண்டடத்திலும் இதைப் படிக்கப்போகிற எல்லாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க சிவன்மலை முருகனை வேண்டிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தினவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்க.

இந்த ஆடி மாசத்தோடு நாங்கள் இங்கிலாந்தில் இந்தக் கடலோர ஊருக்கு வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. அதற்காக எங்கள் மகள் சுமதி பட்டணத்துக் காலேஜில் இருந்து இரண்டு நாள் வந்திருந்தாள். அரிசிம்பருப்புச் சோறு ஆக்கலாம் என்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். அப்போது அவள் ஒரு சங்கதி சொன்னாள். கேட்டதும் வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டுப் போய், சாமி அலமாரி முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். என்ன ஏது என்று எங்க ஊட்டுக்காரர் பதறி ஓடிவந்தார்.

பன்னிரண்டு வருஷமாக நான் முருகன் வாக்கை மீறினவள் என்று என்னை நானே நினைத்துக்கொண்டிருந்தேன். ஊருக்கு வரும்போதெல்லாம் சிவன்மலை ஏறுவேன். ஆனால் சன்னதிக்கு நேரே நிற்க மாட்டேன். தூணுக்குப் பின்னால் நின்று கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவேன். ஏன் என்று சொந்தக்காரர்கள் கேட்டதுண்டு, நான் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

2

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன்.

மலைச்சரிவில் வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கிற மாதிரி இருக்கும். கீழே துறைமுகம். முன்னொரு காலத்தில் இங்கே மத்தி மீன் கொட்டிக் கிடந்ததாம். வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் மீனை உப்புப் போட்டு அடுக்குவார்கள், மேல்மாடியில் வலை காயப்போடுவார்கள். பிறகு ரயில் வந்தது. ரயிலில் ஓவியர்கள் வந்தார்கள். மூன்று பக்கமும் கடல் இருப்பதால் இந்த ஊர் வெளிச்சம் வேறெங்கும் இல்லை என்று அவர்களுக்கு ஒரு கிறுக்கு. அப்புறம் மீன் ஏனோ வேறு பக்கம் போய்விட்டது. வலைக்காரர் போன மாடிகளில் படக்காரர் குடியேறினார்கள். கூரையை உடைத்து வடக்குப் பார்த்த பெரிய சன்னல் வைத்தார்கள். நம்ம ஊரில் வாசக்கால் கிழக்கா என்று கேட்கிற மாதிரி, இங்கே வீடு பார்க்க வருகிறவர்கள் சன்னல் வடக்கா என்றுதான் கேட்கிறார்கள்.

குண்டடத்தில் மேகத்தை அண்ணாந்து பார்த்தே வளர்ந்த எனக்கு, இத்தனை தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்ததும் பயமாகத்தான் இருந்தது. காலையில் ஒரு கலர், மத்தியானம் ஒரு கலர். நம்ம நொய்யலும் அந்த வருஷங்களில் கலர் மாறத்தான் செய்தது, அது சாயம். இது சாமி போடுகிற கலர் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

குளிர்காலத்தில் கடைகளை மூடிவிடுவார்கள். காற்று கதவைப் பிய்க்கும். துணி காயாது. ஆனாலும் இந்த ஊரை விட மனசு வரவில்லை. திருப்பூரில் புதிதாக ஒருத்தரைப் பார்த்தால் எந்தக் கம்பெனி என்று கேட்போம். கொஞ்சம் பழகினால் எந்தக் கூட்டம், என்ன குலம் என்று கேட்போம். இங்கே அதெல்லாம் இல்லை. "இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?" என்பதுதான் கேள்வி. கையில் வேலை உள்ளவனுக்கு மரியாதை. மீன் விற்கிறவர் சமையற்கட்டிலும் கையால் வரைந்த படம் தொங்கும், மீனுக்குப் பதிலாக யாரோ வரைந்து கொடுத்தது.

3

எங்க ஊட்டுக்காரர் திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஓட்டினவர். எனக்கு அதே கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலை. தைத்து வரும் பனியனில் தொங்குகிற நூலையெல்லாம் சின்ன ட்ரிம்மரால் நறுக்கி, உள்பக்கம் வெளிப்பக்கம் திருப்பிப் பார்த்து அடுக்க வேண்டும். ஒரு நூல் தொங்கினாலும் சூப்பர்வைசர், "ஏனுங்க ருக்மணி, இது பனியனா, பரங்கிக்கொடியா?" என்பார். ஆறு வருஷம் அந்தப் பேச்சு வாங்கிய கண் இது. இன்றைக்கும் பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் காலரில் நூல் தொங்கினால் என் விரல் நமநமக்கும்.

இந்த ஊரில் மீன்பிடிக்கிறவர்கள் போடும் நீலக் கம்பளிச் சட்டையைப் பின்னுகிற சின்னப் பட்டறை ஒன்று உண்டு. அதன் முதலாளி துணி வாங்கத் திருப்பூர் வந்தபோது, நின்றுபோன மிஷினை எங்க ஊட்டுக்காரர் காதை வைத்துக் கேட்டே சரிசெய்ததைப் பார்த்தார். ஊருக்குப் போய் கடுதாசி மேல் கடுதாசி போட்டு எங்களை வரவழைத்தார்.

வந்து இறங்கிய இடத்தில் ஆபீசர் என்னிடம் புருசன் பேரைக் கேட்டார். பொதுஇடத்தில் எப்படிச் சொல்வது? பாஸ்போர்ட்டை நீட்டி விரலால் தொட்டுக் காட்டினேன். நான் ஊமை என்று முடிவுகட்டி நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள்.

குடிவந்த வீடு ஓவியர் சங்கத்துக்குச் சொந்தம். பட்டறைக்காரர் சொல்லி வாங்கிக் கொடுத்தது. கையால் எதையாவது உருவாக்குகிறவர்களுக்கு மட்டும்தான் அந்த வரிசை வீடுகள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கமிட்டி கூடி, இருக்கலாமா போக வேண்டுமா என்று தீர்மானிக்கும். முதல் தடவை எண்பத்தேழில், ஆனி மாசம் வந்தது. மிஷின் ஓட்டுவது கைவேலை ஆகாது என்று கமிட்டியில் இரண்டு பேர் முணுமுணுப்பதாகக் காதில் விழுந்தது. கமிட்டிக்கு நிரப்பிக் கொடுக்கிற பாரத்தில், 'இந்த வீட்டில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?' என்று ஒரு கட்டம். நான் யோசித்து யோசித்து, "ராகிக்களி, கொள்ளுப்பருப்பு, ஞாயிற்றுக்கிழமை கோழி" என்று எழுதவைத்தேன். சுமதி தலையில் அடித்துக்கொண்டாள்.

அவளுக்கு அப்போது ஒன்பது வயசு. பள்ளிக்கூடத்தில் ஸூ என்று கூப்பிட்டார்கள். வீட்டிலும் அப்படியே கூப்பிடச் சொன்னாள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். நான் சேலை கட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்கு வந்தால் எதிர்ச்சந்தில் நிற்கச் சொல்வாள். முதல் இரண்டு வருஷம் யாரும் அவளோடு சேரவில்லை. மூன்றாவது வருஷம்தான் ஒரு சிநேகிதி கிடைத்தாள். வேறு வீட்டுக்கு வாடகை கொடுத்து இந்த ஊரில் இருக்க எங்களால் ஆகாது. அந்த நேரத்தில் வீட்டைக் காலி செய்யச் சொன்னால் குழந்தை என்ன ஆவாள்? எனக்கு அந்த ஒரே கவலைதான்.

4

நான் அப்போது சங்கத்து ஹாலைப் பெருக்கித் துடைக்கிற வேலையில் இருந்தேன். வருஷக் கண்காட்சிக்கு ஆறு நாள் இருந்தது. படங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. மார்கரெட் அம்மா என்று ஒருவர், அறுபதைத் தாண்டியவர், முழங்கை கிழிந்த நீலச் சட்டைதான் எப்போதும். தறியில் நெய்த பெரிய துணி ஒன்றைச் சுவரில் மாட்டிவிட்டு என்னிடம், "இன்னும் முடிக்கவில்லை, அதற்குள் கேட்டுவிட்டார்கள்" என்று சலித்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் தனியாக அந்தத் துணி முன்னால் நின்றேன். நல்ல நெசவு. ஆனால் ஐயோ, எத்தனை பிசிறு! நீலம், சாம்பல், வெள்ளை, ஊடே துருக்கலர். ஜாணுக்கு ஜாண் நூல் தொங்குகிறது. பாவம், வயசான பொம்பளை, பிசிறு வெட்ட ஆளில்லாமல் அப்படியே கொண்டுவந்து மாட்டிவிட்டார் என்று நினைத்தேன்.

ட்ரிம்மர் எப்போதும் என் பையில் இருக்கும். முருகா என்று ஆரம்பித்தேன். ஆறு வருஷப் பழக்கம், கை தானாகப் போயிற்று. ஏணி போட்டு மேல்வரிசை, பிறகு நடு, பிறகு உட்கார்ந்து அடிவரிசை. துணியை ஒட்ட வெட்டினால் ஓட்டை விழும் என்பதால் விரல்நகம் அளவு விட்டு வெட்டினேன். வெட்டிய நூலைக் கீழே போடவில்லை. திருப்பூர்க்காரி வேஸ்டை வீசமாட்டாள். கலர் வாரியாகப் பிரித்து நாலு காகிதப் பையில் போட்டேன். முடித்துவிட்டு எட்ட நின்று பார்த்தேன். தட்டையாக, சுத்தமாக, எக்ஸ்போர்ட்டுக்குப் போகிற மாதிரி இருந்தது. அன்றைக்குப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் சுமதியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் கையில் இருந்த ரொட்டி கீழே விழுந்தது. அதிசயமாகத் தமிழ் வந்தது.

"அம்மா! அந்த நூலுதாம்மா அலை! டீச்சர் எங்களை அவுங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிக் காட்டுனாங்க. காத்தடிச்சா அது ஆடும். மார்கரெட் ரெண்டு வருஷமா செஞ்சது அது!"

"முடிக்கலைன்னு அவுங்கதான கண்ணு சொன்னாங்க?"

"இன்னும் நூல் கட்டணும்னு சொல்லியிருப்பாங்க!"

கடலையே மழித்துவிட்டு வந்திருக்கிறேன்.

5

எங்க ஊட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டார். அப்புறம், "யாராச்சும் பாத்தாங்களா?" என்றார்.

"இல்லீங்க."

"அப்ப பேசாம இரு. சன்னல் தொறந்து கெடந்துச்சு, கடல்காக்கா வந்து பிச்சுப்போட்டுருச்சுன்னு நெனச்சுக்குவாங்க."

"கடல்காக்கா கலர் பிரிச்சுப் பையில போடுமாங்க?"

"பையத்தான் நீ கொண்டாந்துட்டியே அம்மிணி! கமிட்டி கூடற நேரம் பாத்து இப்படிப் பண்ணிப்போட்டயே. வெளிய தெரிஞ்சா நாளைக்கே மூட்டை கட்டோணும்."

அவர் பயமும் நியாயம்தான். எனக்கு முடிவு தெரியவில்லை. அதனால் சாமியிடம் பூக்கேட்பது என்று முடிவு செய்தேன். நம்ம பக்கத்தில் கல்யாணமோ காடு வாங்குவதோ, குழப்பமாக இருந்தால் வெள்ளைப்பூ ஒரு பொட்டணம், சிவப்புப்பூ ஒரு பொட்டணம் மடித்துச் சாமி முன்னால் வைத்து, விவரம் தெரியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வோமே, அதுதான். இங்கே அரளிக்கும் நந்தியாவட்டைக்கும் எங்கே போவது? பாறை இடுக்கில் பூக்கிற செம்பூவும் புல்வெளியில் கிடக்கிற சின்ன வெள்ளைப்பூவும் பறித்து வந்தேன். வெள்ளை வந்தால் போய்ச் சொல்லிவிடுவது. சிவப்பு வந்தால் வாயைத் திறப்பதில்லை. அப்படி எங்க ஊட்டுக்காரரோடு பேசிக்கொண்டு, பேப்பரில் ஒரே மாதிரி மடித்து, முருகன் படத்தின் முன்னால் வைத்து விளக்கேற்றினேன். மாடியில் இருந்த சுமதியைக் கூப்பிட்டேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் தொட்டாள். ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பிரித்தேன். சிவப்பு.

"சாமி சொல்லிருச்சு," என்று எங்க ஊட்டுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை குளித்துவிட்டு விளக்கேற்றப் போனேன். தீக்குச்சி கிழித்த கை படத்துக்கு நேரே போகவில்லை. இரண்டு வருஷம் உட்கார்ந்து நெய்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எந்த முகத்தோடு கும்பிடுவது? முருகா, நீ சொன்னதை மீறுகிறேன், உன்னிடம் கேட்டதே என் தப்பு, அந்தம்மாவிடம்தான் கேட்டிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, நாலு பையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"நானும் வர்றேன்," என்றாள் சுமதி. எதிர்ச்சந்தில் நிற்கச் சொல்கிற பிள்ளை, அன்றைக்கு என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஊர் நடுவில் நடந்து வந்தாள்.

6

மார்கரெட் அம்மா கதவைத் திறந்ததும் நான் கும்பிட்டேன். நான் தமிழில் சொல்லச் சொல்ல சுமதி இங்கிலீஷில் சொன்னாள்.

"எத்தனை நூல்?" என்று கேட்டார் மார்கரெட் அம்மா.

"எல்லாமுங்க."

உடனே செருப்பை மாட்டிக்கொண்டு ஹாலுக்கு நடந்தார். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். துணி முன்னால் நின்றார். ஒரு வார்த்தை சொன்னார். சுமதியிடம் என்ன கண்ணு என்று கேட்டேன். "அதைச் சொல்லக்கூடாதும்மா," என்றாள்.

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "வெட்டிய நூல் எங்கே? குப்பையிலா?"

நாலு பையையும் நீட்டினேன். உள்ளே எட்டிப் பார்த்தார். நீலத்தில் ஒரு சாம்பல் நூல்கூடக் கலக்கவில்லை. துணியைத் தொட்டு, நான் விட்டிருந்த நகம் அளவு நுனிகளைத் தடவினார். "ஒட்ட வெட்டவில்லையே, ஏன்?" என்றார்.

"ஒட்ட வெட்டுனா ஓட்டை விழுந்துரும்ங்க. எங்கூருல வேலைய விட்டுத் தூக்கிருவாங்க."

சுமதி சொன்னதும் அவர் வாயோரம் லேசாக அசைந்தது. அது சிரிப்பா, கோபமா என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் வாசலில் எங்க ஊட்டுக்காரர். பட்டறையில் சொல்லிவிட்டு மிஷின் எண்ணெய்க் கையோடு வந்து நிற்கிறார். என்னைத் திட்டத்தான் வந்தார் என்று நினைத்தேன். நேராகத் துணியிடம் போனார். பையில் இருந்து ஒரு நீல நூலை எடுத்தார், துணியில் இருந்த நுனியோடு சேர்த்தார், இரண்டு விரல் ஒரு சுழற்று. அவ்வளவுதான். முடிச்சு கடுகில் பாதி இருக்கும்.

நிட்டிங் மிஷினில் நூல் அறுந்தால் இப்படித்தான் கட்ட வேண்டும். முடிச்சு பெரிதானால் ஊசி உடையும். நேரம் ஆனால் மிஷின் நிற்கும். அனுப்பர்பாளையத்தில் அவர் கட்டுகிற முடிச்சைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுவார்கள்.

மார்கரெட் அம்மா பக்கத்தில் வந்து குனிந்தார். "இன்னொரு தடவை, மெதுவாகப் போடுங்கள்."

"மெதுவாப் போடத் தெரியாதுங்களே," என்றார் இவர். உண்மைதான். மெதுவாகப் போட்டுப் பார்த்தார், கழன்றுவிட்டது. வேகமாகப் போட்டார், நின்றது. அந்தம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

மூன்று நாள் அந்த ஹாலிலேயே கிடந்தோம். அந்தம்மா எந்த நூல் எங்கே என்று விரலால் காட்டுவார். நான் நீளம் பார்த்து எடுத்துக் கொடுப்பேன். இவர் கட்டுவார். சுமதி பள்ளிக்கூடம் விட்டதும் சிநேகிதியையும் கூட்டிக்கொண்டு வந்து, "இது எங்கம்மா, இது எங்கப்பா," என்று சத்தமாகச் சொன்னாள். மத்தியானத்துக்கு நான் அரிசிம்பருப்புச் சோறு கொண்டுபோவேன். மார்கரெட் அம்மா நெய்யை ஊற்றிக்கொண்டு மூன்று தடவை வாங்கிச் சாப்பிடுவார்.

மூன்றாம் நாள் வடக்குச் சன்னல் வெளிச்சத்தில் எட்ட நின்று பார்த்தோம். ஒவ்வொரு நூலிலும் ஒரு குட்டி முடிச்சு. காற்றில் ஆடும்போது அலை உடைந்து துளி தெறிக்கிற மாதிரி மினுங்கியது. இவர் அதைப் பார்த்து, முடிச்சுக்குச் சாயம் தடவி மறைத்துவிடட்டுமா என்று கேட்டார். "தொட்டால் கையை ஒடிப்பேன்," என்றார் மார்கரெட் அம்மா. இதைச் சுமதி மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

கண்காட்சி அன்றைக்கு ஊரே அந்தத் துணி முன்னால்தான் நின்றது. நடந்த கதையை அவரே எல்லாருக்கும் சொன்னார், என்னைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு. துணிக்குக் கீழே தன் பேரோடு எங்கள் மூன்று பேர் பேரையும் எழுதினார். சுமதி, "ஸூ இல்லை, சுமதின்னு எழுதுங்க," என்று எழுத்துக்கூட்டிச் சொன்னாள்.

மறுவாரம் கமிட்டி கூடியபோது மார்கரெட் அம்மா எங்கள் பாரத்தைக் கேட்டு வாங்கி, ராகிக்களிக்கும் கோழிக்கும் பக்கத்தில் 'முடிச்சு' என்று தன் கையால் சேர்த்து எழுதினாராம். முணுமுணுத்த இரண்டு பேரும் எங்களுக்காகக் கை தூக்கினார்கள். வீடு எங்களுக்கே என்று ஆயிற்று. இன்றைக்கு வரை அந்த வீட்டில் இருந்துதான் எழுதுகிறேன். அந்தக் கடல் சங்கத்து ஹாலிலேயே தொங்குகிறது. வாரம் ஒருமுறை நான்தான் தூசி தட்டுகிறேன். ட்ரிம்மரை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போகிறேன்.

7

எல்லாம் நல்லபடியாக நடந்தும் என் மனசில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. சாமி ஒன்று சொல்ல, நான் வேறொன்று செய்தேன். அதற்கப்புறம் பூக்கேட்கவே இல்லை. கேட்க எனக்கு யோக்கியதை இல்லை என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கதைதான் இந்த ஆடியில் வெங்காயத்தோடு உரிந்தது. சுமதி தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"அம்மா, அன்னைக்கு நான் மாடிப்படியில நின்னு நீங்க பேசுனதக் கேட்டுட்டேன். வெள்ளை வந்தா சொல்லிருவீங்க, சொன்னா ஊரவிட்டுப் போயிருவோம்னு பயம். பாறைப்பூவுக்குக் காம்பு கெட்டி இல்லையா? பொட்டணத்துல குத்திட்டு நின்னுச்சு. தொட்டதுமே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுதான் சிவப்ப எடுத்தேன்."

நான் வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டேன்.

"அப்புறம் ஏங்கண்ணு என்கூட அங்க வந்தே?"

"நான் சாமியவே ஏமாத்தியும் நீங்க கெளம்பிட்டீங்களே. அதுக்கு மேல எப்படிம்மா வீட்ல உக்காந்திருக்கறது?"

அவள் அழுதாள். நான் சிரித்தேன். பன்னிரண்டு வருஷம்! முருகன் என்னைத் தடுக்கவே இல்லை. அவன் பாட்டுக்குச் சும்மா இருந்திருக்கிறான். ஒன்பது வயசுப் பிள்ளை ஒரு பூக்காம்பைத் தடவிச் சொன்னதைச் சாமி வாக்கு என்று நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறேன். விழுந்து கும்பிட்டு எழுந்தபோது எங்க ஊட்டுக்காரரிடமும் சொன்னேன்.

"அட, சாமி நம்ம பக்கம்னு அன்னைக்கு நான் எத்தனை தெம்பா இருந்தேன்!" என்றார். "சரி, தைப்பூசத்துக்கு ஊருக்குப் போலாமா வேண்டாமா? வேணும்னா பூக்கேட்டுப் பாத்துரு. இந்தத் தடவை காம்பக் கிள்ளிட்டு மடி."

கேட்கவில்லை. டிக்கெட் எடுத்துவிட்டோம். சுமதியும் வருகிறாள். தைப்பூசத்தன்றைக்குச் சிவன்மலையில் தேரிழுக்க வருகிறவர்கள் எங்களைப் பார்க்கலாம். என்னைத் தூணுக்குப் பின்னால் தேடாதீங்க. சன்னதிக்கு நேரே, முதல் ஆளாக நிற்பேன்.